மலை ஓடையின் தரத்தை அடிவாழ் பூச்சிகளை வைத்து அறிவது எப்படி?

கேள்வியின் சாரம் இது: நீலகிரியில் காய்கறித் தோட்டங்களுக்கும் குடியிருப்புகளுக்கும் கீழே ஓடும் ஓர் ஓடை. தண்ணீரை ஆய்வகத்துக்கு அனுப்பினால் பி.எச்., ஆக்சிஜன், பி.ஓ.டி. (கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன்) எல்லாம் வரம்புக்குள் இருப்பதாகவே வருகிறது. ஆனால் கற்களில் வழுவழுப்பு, மழை பெய்தால் செம்மண் கலங்கல், முன்பு இருந்த நண்டும் மீனும் குறைந்துவிட்டன. அடியில் வாழும் பூச்சிகளைப் பார்த்து நிலைமையைச் சொல்ல முடியுமா? முடியுமென்றால் எப்படிச் செய்வது?

முடியும். சமவெளி ஆற்றைவிட மலை ஓடைக்குத்தான் இந்த முறை அதிகம் தேவைப்படுகிறது. காரணம் சரிவு. சாக்கடை கலந்த தண்ணீரும் நாலைந்து பாறை தாவி விழுந்தால் காற்றிலிருந்து ஆக்சிஜனை வாரிக்கொள்ளும். அந்த இடத்தில் அளந்தால் நல்ல எண்தான் வரும். இரவில் அடித்த மழையில் தோட்டத்திலிருந்து இறங்கும் பூச்சிமருந்து விடிவதற்குள் பள்ளத்தாக்கைக் கடந்திருக்கும். காலை பத்து மணிக்குப் பாட்டிலில் பிடித்த தண்ணீரில் அது இருக்காது. கல்லடியில் வாரக்கணக்கில், சில இனங்கள் மாதக்கணக்கில் வாழும் உயிர்கள் அந்த இரவைத் தாண்டித்தான் வந்தாக வேண்டும். தாண்ட முடியாதவை காணாமல் போகும். அந்த இடைவெளியைப் படிப்பதுதான் இந்த முறை.

ஆக்சிஜன் எண்ணைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்கைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். 15 டிகிரி செல்சியஸில் கடல்மட்டத்தில் தண்ணீர் லிட்டருக்குச் சுமார் 10 மி.கி. ஆக்சிஜன் கொள்ளும். ஊட்டியில் 7.8 மி.கி. அளவில் நிறைந்துவிடும். ஆகவே அங்கே 7.5 வந்தால் குறைவு என்று பதற வேண்டாம். மி.கி. எண்ணோடு, அந்த உயரத்தில் தண்ணீர் கொள்ளக்கூடியதில் அது எத்தனை விழுக்காடு என்பதையும் எழுதுங்கள்.

இடம், காலம்

ஒரே இடத்தில் மாதிரி எடுத்தால் அதை வைத்து எதையும் சொல்ல முடியாது. குறைந்தது இரண்டு இடம் வேண்டும். தோட்டத்துக்கும் வீடுகளுக்கும் மேலே, சோலையை ஒட்டி ஒன்று. சந்தேகத்துக்குரிய கழிவு முழுதாகக் கலந்த பிறகு கீழே ஒன்று. இரண்டும் அகலம், சரிவு, கல்லின் அளவு, நிழல் ஆகியவற்றில் முடிந்தவரை ஒத்திருக்க வேண்டும். மேலே நிழலில் உருளைக்கல், கீழே வெயிலில் வழுக்குப் பாறை என்று இருந்தால், மாசே இல்லாவிட்டாலும் பூச்சிகள் வேறாகத்தான் இருக்கும். அதே ஓடையில் மேலே நல்ல இடம் கிடைக்காவிட்டால் பக்கத்துப் பள்ளத்தாக்கில் அதே உயரத்தில் ஓடும் கெடாத ஓடையை ஒப்பிட எடுக்கலாம். 300 மீட்டருக்கு மேல் உயர வேறுபாடு வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெப்பம் மாறினால் இனங்களும் மாறிவிடும்.

கழிவு கலக்கும் வாய்க்கு ஒட்டிக் கீழே எடுப்பது பலரும் செய்யும் தவறு. தண்ணீர் ஒரு கரையோரமாகவே சிறிது தூரம் ஓடும். மறு கரையில் எடுத்தால் சுத்தமாகத் தெரியும். கரைந்த உப்புகளைக் காட்டும் மின்கடத்துத்திறன் மீட்டரை இடக்கரை, நடு, வலக்கரை என்று வைத்துப் பாருங்கள். மூன்றும் ஒரே எண் காட்டும் இடம்தான் கலந்து முடிந்த இடம்.

காலம் ஜனவரி முதல் ஏப்ரல் வரை. கூடலூர், குந்தா பக்கம் தென்மேற்குப் பருவமழையும் கோத்தகிரி, குன்னூர் பக்கம் வடகிழக்குப் பருவமழையும் ஓடையைப் புரட்டிப் போடும். வெள்ளம் கற்களைப் புரட்டினால் சுத்தமான ஓடையும் காலியாகத்தான் தெரியும். கோடை மழையில் ஓடை பெருக்கெடுத்தால் இரண்டு மூன்று வாரம் பொறுத்துப் போங்கள். இரண்டு இடங்களையும் ஒரே நாளில், முதலில் கீழ் இடம், பிறகு மேல் இடம் என்று முடியுங்கள். மேலே கலக்கினால் கீழே உள்ளது கெட்டுவிடும் அல்லவா? காப்புக்காட்டுக்குள் என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் ஒரு பூச்சியைக்கூட எடுக்கக் கூடாது. யானை, காட்டெருமை நடமாட்டம் உள்ள இடங்களில் தனியாக இறங்காதீர்கள்.

வலையும் மாதிரி எடுக்கும் விதமும்

30 செ.மீ. அகலச் சட்டம், நீண்ட கைப்பிடி, 500 மைக்ரான் கண்ணளவுள்ள நைலான் வலை. வடிகட்டித் துணி விற்கும் கடைகளில் இந்த வலை மீட்டர் கணக்கில் கிடைக்கும். கொசுவலையைத் தைத்துக்கொள்பவர்கள் உண்டு. அதன் கண் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் இருப்பதால் சிறிய மேஃபிளைகளும் (நீரில் வளர்ந்து, சிறகு வந்ததும் கொஞ்ச காலமே வாழும் பூச்சி) கைரோனோமிட் புழுக்களும் (கொசு போன்ற, கடிக்காத ஈயின் புழு) நழுவிவிடும்; பிறகு குடும்பங்களின் (நெருங்கிய இனங்களின் தொகுதி; பெயர் 'டே' என்று முடியும்) எண்ணிக்கை குறைந்ததற்கு ஓடை காரணமா வலை காரணமா என்று தெரியாது. வலைப்பை ஆழமாக, குறைந்தது 40 செ.மீ. இருக்கட்டும். ஆழமில்லாத பையில் தண்ணீர் எதிர்த்து அடித்துப் பிடித்ததை வெளியே தள்ளும்.

வலையின் அடிச்சட்டத்தைத் தரையோடு ஒட்டி, வாய் ஓட்டத்தை நோக்கி இருக்கும்படி ஊன்றுங்கள். வலைக்கு மேல்பக்கம் நின்று குதிகாலால் கற்களைப் புரட்டிக் கிளறுங்கள். கிளறும் நேரம் மொத்தம் 3 நிமிடம். நடக்கும் நேரமும் வலையைக் கழுவும் நேரமும் இதில் சேராது. கூட ஒருவர் ஸ்டாப்வாட்ச் பிடிக்க வேண்டும். இந்த 3 நிமிடத்தை 50 முதல் 100 மீட்டர் நீளத்துக்குள் இருக்கும் வாழிடங்களுக்கு அவற்றின் பரப்பைப் பார்த்துப் பங்கிடுங்கள். பாதி ஓடை கல் மேல் பாயும் வேகமான பகுதி என்றால் ஒன்றரை நிமிடம் அங்கே; மீதி குட்டம், சருகுத் தேக்கம், கரையோர வேர்கள் என்று. பிறகு ஒரு நிமிடம் கையால் தேடுங்கள். பெரிய கல்லைத் தூக்கி அடிப்பக்கத்தைச் சிறு பிரஷ்ஷால் வலைக்குள் வருடுங்கள். அருவித் தெறிப்பில் பாறையோடு உறிஞ்சி ஒட்டியிருக்கும் பிளெஃபரிசெரிடே புழுக்களும், நாணயம் போலத் தட்டையான செஃபெனிடே வண்டுப் புழுக்களும் உதைத்தால் வராது, இப்படித்தான் வரும்.

ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை உயிர் என்ற கணக்கு வேண்டுமென்றால் இப்படிக் காலால் கிளறிப் பிடிக்கும் உதைவலை உதவாது. 30 செ.மீ.க்கு 30 செ.மீ. சட்டம் உள்ள சர்பர் வலையால் மூன்று முதல் ஐந்து மாதிரி தனித்தனியாக எடுக்க வேண்டும். ஊர்க்குழு ஒன்று தன் ஓடையைக் கண்காணிக்க உதைவலையே போதும். மேல் கீழ் இரண்டு இடத்திலும் ஒரே ஆள், ஒரே வலை, ஒரே நேரம் என்பதுதான் முக்கியம்.

வலையில் வந்ததை வாளியில் கொட்டி, பெரிய கல்லையும் இலையையும் அலசிவிட்டு அப்புறப்படுத்துங்கள். அலசாமல் எறிந்த இலையோடு, சருகு தின்று கூடு கட்டி வாழும் கேடிஸ் பூச்சியின் புழுக்கள் போய்விடும். ஓடைக்கரையிலேயே வெள்ளை ட்ரேயில் உயிரோடு பிரித்துப் பார்ப்பது கற்றுக்கொள்ள மிக நல்லது, அசைவைப் பார்த்தே குடும்பத்தைச் சொல்லிவிடலாம். பதிவாக வைக்க வேண்டுமென்றால் வாய் அகன்ற பாட்டிலில் மாதிரியைப் பாதிக்கு மேல் நிரப்பாமல் 95 விழுக்காடு எத்தனால் ஊற்றுங்கள். பூச்சியிலும் சருகிலும் இருக்கும் தண்ணீர் சேர்ந்து அது 70, 80 விழுக்காட்டுக்கு இறங்கும். ஒரு நாள் கழித்து மாற்றிப் புதிதாக ஊற்ற வேண்டும். இதைச் செய்யாத மாதிரிகள் ஒரு மாதத்தில் அழுகி நாறும். கல்லூரிக்கு வெளியே எத்தனால் வாங்குவது சிரமம்; மருந்துக்கடையில் கிடைக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தற்காலிகத்துக்கு ஆகும், ஆனால் உடல் விறைத்து ஒடியும். பாட்டிலைக் குலுக்கக் கூடாது. மேஃபிளையின் செவுள்களும் வால்களும் உதிர்ந்தால் அடையாளம் காண வழியில்லை. இடம், தேதி, எடுத்தவர் பெயர் ஆகியவற்றைப் பென்சிலால் தாளில் எழுதிப் பாட்டிலுக்குள்ளேயே போடுங்கள். பால்பாயிண்ட் மை ஆல்கஹாலில் கரையும்.

பிரித்து எண்ணுவது

மாதிரி மிகப் பெரிதாக இருந்தால் முழுவதையும் எண்ணத் தேவையில்லை. ட்ரேயைக் கட்டம் கட்டமாகக் கோடிட்டு, சீட்டுக் குலுக்கி வந்த கட்டத்தில் உள்ளதை எல்லாம் பொறுக்குங்கள். 200 உயிர் தாண்டும்வரை கட்டம் கட்டமாகப் போய், கடைசிக் கட்டத்தைப் பாதியில் விடாமல் முடியுங்கள். பிறகு மீதிக் கட்டங்களில் பத்து நிமிடம் பெரிய, அரிய உயிர்களை மட்டும் தேடித் தனியாகக் குறியுங்கள். கண்ணில் பட்டதைப் பொறுக்கிக்கொண்டே போனால் பெரியதும் வேகமாக ஓடுவதும் மட்டும் கைக்கு வரும். பழுப்பு நிறத்தில் அசையாமல் கிடக்கும் எல்மிடே வண்டுப் புழு ஒருபோதும் வராது. மண்ணும் மணலும் அதிகமென்றால் லிட்டருக்குச் சுமார் 300 கிராம் சர்க்கரை இருக்கும் கரைசலில் மாதிரியை இடுங்கள். பூச்சிகள் மேலே மிதக்கும். நத்தையும் கல் ஒட்டிய கூட்டில் வாழும் கேடிஸ் புழுவும் அடியிலேயே இருக்கும். அவற்றைக் கையால் தேட வேண்டும்.

காலிக் கூடு, உரித்த தோல், மரத்திலிருந்து விழுந்த எறும்பு எதையும் எண்ணாதீர்கள். நீர்ப்பரப்பில் ஓடும் ஜெரிடே பூச்சியும், மேலே வந்து காற்றெடுத்துப் போகும் நீர்வண்டும் கீழே சொல்லும் மதிப்பெண் பட்டியலில் இருந்தாலும், தண்ணீரில் கரைந்த ஆக்சிஜனைப் பற்றி அவற்றால் எதுவும் சொல்ல முடியாது.

அடையாளத்தில் அடிக்கடி சறுக்கும் இடம் மேஃபிளைக்கும், அதைப் போலவே நீரில் வளரும் ஸ்டோன்ஃபிளை என்ற பூச்சிக்கும் நடுவே. "மூன்று வால் மேஃபிளை, இரண்டு வால் ஸ்டோன்ஃபிளை" என்ற பாடம் மேற்குத் தொடர்ச்சி மலையில் கைவிடும். இங்கே வேகமான நீரில் கிடைக்கும் எபியோரஸ் என்ற மேஃபிளைக்கு இரண்டே வால். கைலென்ஸில் கால்நுனியைப் பாருங்கள்: ஒற்றை நகம் என்றால் மேஃபிளை, இரட்டை நகம் என்றால் ஸ்டோன்ஃபிளை. செவுள் வயிற்றின் இருபக்கமும் தகடாக அடுக்கியிருந்தால் மேஃபிளை. கால்கள் புறப்படும் இடத்தில் குஞ்சமாக இருந்தால் பெர்லிடே ஸ்டோன்ஃபிளை. அடுத்தது கூடு தூக்காத கேடிஸ் புழுக்கள். நெஞ்சின் மூன்று கணுவிலும் கெட்டித் தகடும் வயிற்றடியில் கொத்துச் செவுளும் இருந்தால் ஹைட்ரோசைக்கிடே. முதல் கணுவில் மட்டும் தகடு, செவுள் கிடையாது, உடல் வெளிர் மஞ்சள் என்றால் ஃபிலோபொடாமிடே. அடுத்து வரும் மதிப்பெண் முறையில் முன்னதற்கு 5, பின்னதற்கு 8. தவறினால் கணக்கு மாறும்.

மதிப்பெண்

பிரிட்டனில் 1976-இல் அமைத்த ஒரு பணிக்குழு உருவாக்கிய பி.எம்.டபிள்யூ.பி. (உயிரியல் கண்காணிப்புப் பணிக்குழு) முறைதான் இதில் எளிது. இனம் வரை போகாமல் குடும்பம் வரை கண்டால் போதும். மாசு தாங்காத குடும்பத்துக்கு 10, எதையும் தாங்குவதற்கு 1. எத்தனை உயிர் என்பது கணக்கில் வராது. குடும்பம் இருக்கிறதா என்பது மட்டும்தான். கூட்டி, குடும்ப எண்ணிக்கையால் வகுத்தால் சராசரி; அதை ஏ.எஸ்.பி.டி. என்பார்கள். கூட்டுத்தொகை மாதிரி எடுத்த உழைப்போடு ஏறும் இறங்கும், சராசரி அவ்வளவு ஆடாது. ஆகவே சராசரியை நம்புங்கள்.

கணக்கு புரிய ஒரு மாதிரி உதாரணம். மேல் இடத்தில் ஹெப்டஜீனிடே, லெப்டோஃப்ளீபிடே மேஃபிளைகள், பெர்லிடே ஸ்டோன்ஃபிளை, லெபிடோஸ்டோமாடிடே கேடிஸ் நான்கும் தலா 10, ஃபிலோபொடாமிடே, கோம்ஃபிடே தட்டான் தலா 8, கேனிடே மேஃபிளை 7, ஹைட்ரோசைக்கிடே, சிமுலிடே கருப்பு ஈ, எல்மிடே தலா 5, பீட்டிடே மேஃபிளை 4, கைரோனோமிடே 2. பன்னிரண்டு குடும்பம், மொத்தம் 84, சராசரி 7.0. கீழ் இடத்தில் லிபெலூலிடே தட்டான் 8, கேனிடே 7, ஹைட்ரோசைக்கிடே 5, சிமுலிடே 5, பீட்டிடே 4, ஃபைசிடே நத்தை 3, கைரோனோமிடே 2, மண்புழு இனத்து நீர்ப்புழுக்கள் 1. எட்டுக் குடும்பம், மொத்தம் 35, சராசரி 4.4. வழக்கமாக 6-க்கு மேல் சுத்தம், 5 முதல் 6 வரை சந்தேகம், 4 முதல் 5 வரை நடுத்தர மாசு, 4-க்குக் கீழ் கடும் மாசு.

இப்போது அந்த லிபெலூலிடேயை எடுத்துவிட்டுப் பாருங்கள்: 27-ஐ 7-ஆல் வகுத்தால் 3.9. நடுத்தரம் கடுமையாகிவிட்டது. பிரிட்டனின் பட்டியல் இந்தக் குடும்பத்துக்கு 8 தருகிறது; நம் ஊரிலோ சேறான குட்டையிலும் நெல்வயலிலும் வாழும் தட்டான்கள் இதில்தான் அதிகம். தாய்லாந்துக்கென்று திருத்தியபோது தட்டான் குடும்பங்களின் மதிப்பெண்ணைக் குறைத்தார்கள். இமயமலை ஓடைகளுக்கு நேபாளத்தில் தனிப் பட்டியலே போட்டார்கள். வெளியூர்ப் பட்டியலைக் கொண்டு வரும் எண்ணைப் பத்திரிகைக்கு ஓடிப்போய்ச் சொல்லாதீர்கள். மேல் இடத்துக்கும் கீழ் இடத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் சான்று.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் உயிரியல் தர அளவுகோல் இந்தச் சராசரியோடு, உயிர்கள் எவ்வளவு வகை வகையாகக் கலந்திருக்கின்றன என்று காட்டும் பன்முக எண் ஒன்றையும் கேட்கிறது. அதற்குப் பூச்சிகளின் பெயர்கூடத் தெரிய வேண்டாம். பூச்சிகளைக் கலந்து, பார்க்காமல் ஒவ்வொன்றாக எடுத்து வரிசையாக வையுங்கள். முந்தையதிலிருந்து வேறான உயிர் வரும்போதெல்லாம் புதிய தொடர் என்று எண்ணுங்கள். 50 உயிரில் 30 தொடர் வந்தால் 0.6. சராசரி 7-க்கு மேல் என்றால் 'ஏ' வகுப்பு, சுத்தம். அங்கே பன்முக எண் 0.2 முதல் 1 வரை எதுவாகவும் இருக்கலாம். விடுபட்டதால் வந்த தாராளம் இல்லை இது: சத்துக் குறைந்த தலைநீர் ஓடையில் இயல்பிலேயே சில இனங்கள்தான் இருக்கும். சராசரி 2-க்குக் கீழும் பன்முக எண் 0.2-க்குக் கீழும் என்றால் 'இ', படுமோசம்.

எது காணாமல் போனது?

எண் கிடைத்ததும் பலரும் நிறுத்திவிடுகிறார்கள். உண்மையில் வேலை இங்கேதான் தொடங்குகிறது, ஏனென்றால் என்ன மாசு என்பதைக் காணாமல்போன குடும்பங்களின் பட்டியல்தான் சொல்லும்.

வீட்டுச் சாக்கடை என்றால் உணவு பெருகும், ஆக்சிஜன் இரவில் குறையும். நீரில் மிதந்து வருவதை வலை கட்டிப் பிடிக்கும் ஹைட்ரோசைக்கிடேயும் சிமுலிடேயும் முதலில் கூடும். கழிவு மேலும் ஏறினால் அவையும் போய், மீன்தொட்டிக்கு வாங்கும் ரத்தப்புழுவும் (சிவப்பான கைரோனோமிட் புழு) டியூபிஃபெக்ஸ் என்ற மண்புழு இனத்து நீர்ப்புழுவும் மட்டும் நெளியும். ரத்தப்புழுவின் சிவப்பு ஹீமோகுளோபின். ஆக்சிஜன் குறைந்தாலும் தாக்குப்பிடிக்க உதவுகிறது. ஆனால் சருகு தேங்கிய சுத்தமான குட்டத்திலும் நாலைந்து சிவப்புப் புழு இருக்கும். எண்ணிக்கை பாருங்கள், நிறத்தை மட்டும் பார்க்காதீர்கள்.

மண் என்றால் கதை வேறு. சரிவில் வரப்பில்லாமல் கேரட்டும் உருளைக்கிழங்கும் போட்ட நிலம், சாலை வெட்டிய மண், ஓடைத் தண்ணீரில் கேரட் கழுவும் இயந்திரம் விடும் சேறு எல்லாம் கற்களின் இடுக்கை அடைத்துவிடும். ஆக்சிஜன் நன்றாக இருக்கும், பி.ஓ.டி. குறைவாக இருக்கும், ஆய்வக அறிக்கையில் ஒரு குறையும் தெரியாது. கல்லின் அடிப்பரப்பில் தட்டையாக ஒட்டி வாழும் ஹெப்டஜீனிடேயும், இடுக்கில் வேட்டையாடும் பெர்லிடேயும், செஃபெனிடேயும் போய்விடும். செவுளின் மேல் மூடி இருப்பதால் சேற்றைத் தாங்கும் கேனிடேயும், மண்ணில் புதையும் கோம்ஃபிடேயும் நிற்கும். இவற்றுக்கு 7-ம் 8-ம் கிடைப்பதால் சராசரி பெரிதாக இறங்காது. மண் மாசை ஏ.எஸ்.பி.டி. பிடிக்காது என்பதை நினைவில் வையுங்கள். கல்லைத் தூக்கிப் பாருங்கள். பாதிக்கு மேல் மணலில் புதைந்திருந்தால் அதையும் எழுதுங்கள்.

பூச்சிமருந்து என்றால் மேஃபிளை, ஸ்டோன்ஃபிளை, நண்டு, இறால் எல்லாம் சேர்ந்து குறையும். நத்தையும் புழுவும் அட்டையும் அப்படியே இருக்கும். வேதியியல் அளவுகள் சுத்தம், வழுவழுப்பும் இல்லை, இருந்தும் கணுக்காலிகள் மட்டும் இல்லை என்றால் மருந்தைச் சந்தேகியுங்கள். ஜெர்மனியில் 2005-இல் வெளிவந்த, மருந்தால் எளிதில் பாதிக்கப்படும் உயிர்களின் பங்கைப் பார்க்கும் ஸ்பியர் குறியீடு இந்தத் தர்க்கத்தின் மேல்தான் நிற்கிறது. மருந்தடிக்கும் பருவத்துக்கு முன்னும் பின்னும் எடுத்த மாதிரி இருந்தால் வழக்கு வலுக்கும். பீட்டிடே சில வாரத்தில் திரும்பி வந்துவிடும். பெரிய பெர்லிடே வளர மாதங்கள் பிடிக்கும். கீழ் இடத்தில் வளர்ந்த பெர்லிடே இருந்தால் அண்மையில் பெரிய அடி எதுவும் விழவில்லை என்று கொள்ளலாம்.

நிழல் போனால் கல்லில் பாசி வளர்ந்து பீட்டிடே பெருகும், இலையை நறுக்கிக் கூடு கட்டும் லெபிடோஸ்டோமாடிடே குறையும். உங்கள் கேள்வியில் உள்ள வழுவழுப்புக்கு உரமும் வெயிலும் சேர்ந்த காரணமாக இருக்கலாம்.

ஒரு விஷயத்தில் வெளிநாட்டு வழிகாட்டிகள் குழப்பும். ஸ்டோன்ஃபிளை இல்லையென்றால் தண்ணீர் கெட்டது என்று எழுதியிருக்கும். அது குளிர்நாட்டுக் கணக்கு. தெற்கு மேற்குத் தொடர்ச்சி மலையில் ஸ்டோன்ஃபிளை வகைகள் இயல்பாகவே குறைவு. கிடைப்பவை பெரும்பாலும் பெர்லிடே குடும்பத்து நியோபெர்லா. மேல் இடத்தில் இருந்து கீழே இல்லையென்றால்தான் அது செய்தி. இன்னொன்று, ஓடைப் பூச்சிகள் இரவில் நீரோட்டத்தில் அடித்துக்கொண்டு வரும். கீழ் இடத்தில் ஒரே ஒரு ஹெப்டஜீனிடே கிடைத்தால் அது வழிப்போக்கனாக இருக்கலாம். ஒற்றை உயிர் மட்டும் உள்ள குடும்பங்களைத் தனியாகக் குறித்து, சேர்த்தும் சேர்க்காமலும் சராசரி போட்டுப் பாருங்கள்.

கடைசியாக, இந்த ஓடையில் குடிக்கலாமா என்று யாராவது கேட்டால் பூச்சியைக் காட்டிப் பதில் சொல்லாதீர்கள். ஹெப்டஜீனிடேயும் பெர்லிடேயும் துள்ளும் ஓடையிலும் மேலே ஒரு மாட்டுக்கொட்டகை இருந்தால் ஈ.கோலி இருக்கும், பூச்சிகளுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. அதற்குக் கிருமி சோதனை தனியாகச் செய்ய வேண்டும்.